சாக்லேட்டைக் கானாவிலேயே செய்தால் போதாதா?

வாட்ஸாப்பில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு படம் சுற்றிக்கொண்டு வரும். ஒரு பக்கம் கோகோ காய் உடைக்கும் ஆப்பிரிக்க விவசாயி, இன்னொரு பக்கம் ஐரோப்பாவில் கண்ணாடி போட்ட சாக்லேட் கடை. கீழே வழக்கமான தீர்ப்புகள் வரிசை கட்டும். வெள்ளைக்காரன் ஏமாற்றுகிறான் என்பார் ஒருவர். அவர்களுக்குத் தொழில் தெரியவில்லை, கொட்டையாக விற்காமல் சாக்லேட்டாக விற்றால் பணக்காரர் ஆகிவிடலாமே என்பார் அடுத்தவர். அப்புறம் கட்டாயம் ஒருவர் வருவார்: பெட்ரோல் நாடுகள் மாதிரி ஒன்று சேர்ந்து விலையை ஏற்ற வேண்டியதுதானே?

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் மூன்றும் சாகாமல் சுற்றுகின்றன. ஆனால் நடப்பது வேறு. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள், ஆளுக்கொரு கதை. அத்தனையையும் அள்ளிப் போட்டால் ஒன்றும் புரியாது என்பதால் இங்கே பெரும்பாலும் கானா, பக்கத்திலே ஐவரி கோஸ்ட். உலகத்துக் கோகோவில் பாதிக்கும் மேல் இந்த இரண்டு நாட்டிலிருந்துதான் வருகிறது.

ஒரு மூட்டை

கோகோ காய் மரத்தின் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும், பார்க்கக் குட்டிப் பலா மாதிரி. அதைக் கத்தியால் அறுத்து, உடைத்து, உள்ளே வெள்ளைச் சதை ஒட்டியிருக்கும் விதைகளை வழித்தெடுத்து வாழையிலையில் குவிக்கிறார்கள். மேலேயும் இலை போட்டு மூடி ஆறு நாள் போல அப்படியே புளிக்க விடவேண்டும், நடுவில் கிளறிவிட வேண்டும். சாக்லேட் வாசனைக்கு விதை விழுவது இந்தக் குவியலில்தான். பிறகு கால் நட்டு உயர்த்திக் கட்டிய மூங்கில் பாயில் பரப்பி ஒரு வாரம் வெயில். மழை மேகம் தெரிந்தால் வீடே ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டும். காய்ந்ததும் மூட்டை. கானாவில் 16 மூட்டை ஒரு டன், அதாவது மூட்டைக்கு 62.5 கிலோ. உரிமம் பெற்ற கொள்முதல் கம்பெனியின் ஆள் தராசோடு வருவார். அந்தத் தராசின் மேல் கானா விவசாயிகளுக்கு இருக்கும் சந்தேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, எந்த ஊர் விவசாயிக்கும் தெரிந்த சந்தேகம்தான்.

இப்போது கணக்கு. மூன்று ஹெக்டேர், நம் கணக்கில் ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 450 கிலோ என்று வைத்தால் வருடத்துக்கு 21 மூட்டை. 2024-25 பருவத் தொடக்கத்தில் கானா அரசு அறிவித்த விலை மூட்டைக்கு 3,000 சீடி (கானா நாணயம்), அன்றைக்கு அந்த நாட்டில் கோகோவுக்குக் கிடைத்த உச்ச விலை. மொத்தம் 63,000 சீடி, அமெரிக்கக் காசில் ஏறக்குறைய 4,000 டாலர். உரம், மருந்து, கூலி எல்லாம் இதற்குள். தோட்டம் சொந்தமில்லை, பங்குக்குப் பார்க்கிறார் என்றால் இன்னும் குறையும். 'அபுசா' என்று அங்கே ஒரு ஏற்பாடு: பார்த்துக்கொள்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி உடைமைக்காரருக்கு.

விவசாயி கையில் விழும் இந்தத் தொகைக்குத் தோட்ட விலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். லண்டனிலும் நியூயார்க்கிலும் டாலரில், பவுண்டில் பேசப்படுவது உலக விலை. இரண்டும் வேறு வேறு என்பதை மட்டும் இப்போதைக்குப் பிடித்துக்கொண்டால் போதும்.

டீக்கடைக் கணக்கு

ஒரு டீயின் விலையில் பால்காரருக்கு எவ்வளவு போகிறது? கொஞ்சம்தான். அதற்காகப் பால்காரரிடம், நீங்களே டீக்கடை போட்டால் முழுப் பணமும் உங்களுக்குத்தான் என்று சொல்வோமா? சொன்னால் அவர் கேட்பார்: கடை வாடகை யார் தருவது, மாஸ்டர் சம்பளம், கேஸ், சர்க்கரை, கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்? அதைவிட முக்கியமாக, பஸ் நிற்கும் இடம் என் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இல்லையே?

மூலப்பொருளை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோய்க் கூடுதல் விலைக்கு விற்பதற்கு மதிப்புக் கூட்டல் என்று பெயர். நல்ல விஷயம்தான். ஆனால் கூடிய மதிப்பு அத்தனையும் லாபம் என்று நினைப்பதில்தான் சறுக்கல். ஒரு சாக்லேட் கட்டியின் கடை விலையில் விவசாயிக்குப் போவது நூற்றுக்கு ஆறு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மீதியில் பெரும் துண்டு சூப்பர் மார்க்கெட்டுக்கும் பிராண்டுக்கும் விளம்பரத்துக்கும் வரிக்கும் போகிறது. பாலும் சர்க்கரையும் வேறு. கானாவில் ஆலை கட்டினாலும் ஜெர்மனியில் இருக்கும் கடை அலமாரி ஜெர்மானியர் கையில்தான் இருக்கும்.

அவர்களுக்குத் தெரியவில்லையா?

இந்தப் பேச்சு எனக்கு எரிச்சல் தரும், அதனால் கொஞ்சம் வரலாறு. கோகோ ஆப்பிரிக்க மரமே இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பெர்னாண்டோ போ தீவில் வேலை பார்த்துவிட்டு 1879 வாக்கில் ஊர் திரும்பும்போது விதை கொண்டுவந்து மாம்போங்கில் நட்டார் என்பது கானாவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 1911இல், முப்பதே வருடத்தில், அன்றைக்கு கோல்ட் கோஸ்ட் என்று பெயர் கொண்டிருந்த அந்த நாடு உலகத்திலேயே அதிகம் கோகோ விளைவிக்கும் நாடு ஆகிவிட்டது. பிரிட்டிஷ்காரன் போட்ட எஸ்டேட்டால் இல்லை. சாதாரண விவசாயிகள் கூட்டாகக் காசு போட்டு, காட்டு நிலம் வாங்கி, இடம்பெயர்ந்து போய் நட்டதால்.

1937இல் ஐரோப்பியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கொள்முதல் விலையை அடித்தபோது இதே விவசாயிகள் மாதக் கணக்கில் ஒரு மூட்டைகூட விற்காமல் உட்கார்ந்தார்கள். தொழில் தெரியாதவர்கள் செய்கிற காரியமா இது?

விலை ஏன் பேயாட்டம் ஆடுகிறது

கோகோ நட்டால் காய்க்க மூன்றிலிருந்து ஐந்து வருடம். இந்த ஒரு தகவலில் பாதிக் கதை இருக்கிறது. விலை நன்றாக இருக்கும் வருடம் எல்லோரும் நடுகிறார்கள், கானாவில் மட்டுமில்லை, ஐவரி கோஸ்ட், கேமரூன், ஈக்வடார் எல்லா இடத்திலும். ஐந்து வருடம் கழித்து எல்லாம் ஒரே நேரத்தில் காய்க்கும், விலை விழும். தக்காளி மூன்று மாதத்தில் செய்வதைக் கோகோ பத்து வருடத்தில் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தக்காளி விலை விழுந்தால் அடுத்த போகம் வேறு ஏதாவது போடலாம். கோகோ மரத்தை என்ன செய்வது? விலை விழுந்த வருடங்களில் உரம் போடமாட்டார்கள், கிழட்டு மரத்தை மாற்றமாட்டார்கள். விளைச்சல் மெதுவாகச் சரியும். அப்புறம் ஒரு வருடம் மழை தப்பினால் விலை பிய்த்துக்கொண்டு போகும்.

2023-24இல் நடந்தது அதுதான். பல வருடங்களாக டன்னுக்கு 2,500 டாலர் பக்கம் இருந்த உலக விலை 2024 ஏப்ரலில் 11,000 டாலரைத் தாண்டியது, டிசம்பரில் 12,000ஐயும். காரணம், கெட்ட மழை, காயைக் கறுக்க வைக்கும் பூஞ்சை, தண்டை வீங்க வைத்து மரத்தையே கொல்லும் ஒரு வைரஸ், வயதான மரங்கள். கானாவில் இதோடு 'கலாம்சே' என்கிற சட்டவிரோதத் தங்கச் சுரங்கமும் சேர்ந்துகொண்டது, கோகோத் தோட்டத்தைத் தோண்டி ஆற்றைச் சேறாக்கிவிட்டுப் போகிறார்கள். அப்படி ஏறிய விலை ஓராண்டு ஆவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

பூவிலேயே விலை பேசுவது

அப்படியானால் 2024 ஏப்ரலில் கானா விவசாயிக்குக் கொண்டாட்டமா? அந்த மாதம் அரசு தோட்ட விலையை அவசரமாக ஏற்றி டன்னுக்கு 33,120 சீடி ஆக்கியது. அதாவது ஏறக்குறைய 2,500 டாலர். உலக விலை 11,000, அவர் கைக்கு 2,500. மீதி எங்கே போனது?

பெரும்பகுதி யாரும் திருடவில்லை. மாந்தோப்பைப் பூப்பிடித்த நிலையிலேயே குத்தகைக்காரரிடம் விலை பேசிக் கொடுப்போமே, அதேதான். கானாவில் கோகோ முழுவதையும் வாங்கி ஏற்றுமதி செய்யும் பொறுப்பு கோகோபாட் என்ற அரசு வாரியத்துடையது. அறுவடைக்கு மாதக் கணக்கில் முன்னாலேயே அது வெளிநாட்டு வியாபாரிகளிடம் பயிரின் பெரும்பகுதியை விலை பேசி முடித்துவிடும். இதற்கு முன்விற்பனை என்று பெயர். அந்த ஒப்பந்தங்களை அடமானமாகக் காட்டி வெளிநாட்டு வங்கிகளிடம் கடன் வாங்கும், அந்தக் கடன் பணத்தில் விவசாயிக்கு ரொக்கம் கொடுக்கும். 1990களின் தொடக்கத்திலிருந்து முப்பது வருடம் ஓடிய ஏற்பாடு.

இதில் நல்லதும் உண்டு. பருவத் தொடக்கத்தில் அறிவித்த விலை உலகச் சந்தை சரிந்தாலும் பொதுவாகச் சரியாமல் இருந்தது. ஐவரி கோஸ்ட்டிலும் ஏறக்குறைய இதே முறை. ஆனால் பூவில் பேசிய மாம்பழம் சந்தையில் நான்கு மடங்கு விலைக்குப் போனால் தோப்புக்காரர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. அந்த வருடம் விளைச்சலே இல்லை, ஒப்புக்கொண்ட சரக்கைக் கொடுக்க முடியாமல் கோகோபாட் ஒரு பகுதியை அடுத்த பருவத்துக்குத் தள்ளியது. அதாவது அடுத்த வருடத்துக் காயும் போன வருடத்துப் பழைய விலைக்கு. எல்லைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இருட்டில் மூட்டையை அடுத்த நாட்டுக்குக் கடத்தினார்கள். சீடியின் மதிப்பு சரிந்துகொண்டே இருந்தபோது, யூரோவோடு மதிப்பைக் கட்டிப்போட்ட ஐவரி கோஸ்ட்டின் பிராங்க் நோட்டு கிடைக்கும் பக்கம் சரக்கு போகாமல் என்ன செய்யும்.

சுருக்கமாக: உலக விலை ஏறினால் விவசாயி பணக்காரர் ஆகிவிடுவார் என்பது தவறு. எப்போது விற்றார்கள், எந்த நாணயத்தில் கொடுத்தார்கள், காய் இருந்ததா என்ற மூன்றும் சேர்ந்துதான் அவர் வருமானம்.

வீட்டு உண்டியல்

இந்த வாரியம் வந்த கதையும் தெரிய வேண்டும். 1937 மறியலுக்குப் பிறகு, போரெல்லாம் முடிந்து, 1947இல் கோல்ட் கோஸ்ட்டில் கோகோ சந்தை வாரியம் அமைத்தார்கள். யோசனை அருமையானது: விலை உயர்ந்த வருடம் விவசாயிக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து மீதியை உண்டியலில் போடுவது, விழுந்த வருடம் உண்டியலை உடைத்துக் கொடுப்பது.

உண்டியல் நிறைந்தால் என்ன ஆகும் என்று குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். புது நாட்டுக்குப் பள்ளிக்கூடம், ரோடு, துறைமுகம், ஆலை எல்லாம் தேவை, கையில் இருக்கும் ஒரே காசு கோகோ காசு. வாரியம் மெல்ல மெல்ல விவசாயியின் மீது போடும் வரியாக மாறியது. 1964-65இல் கானாவில் ஐந்தரை லட்சம் டன்னுக்கு மேல் விளைந்து உலக விலை படுத்தபோது உண்டியலில் ஒன்றும் பெரிதாக இல்லை. 1966 பிப்ரவரியில், விடுதலை பெற்ற கானாவின் முதல் தலைவர் நுக்ருமாவின் ஆட்சி கவிழ்ந்ததற்குக் கோகோ விலை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது பக்கத்தில்தான் நின்றது. அதன் பிறகு வந்தவர்களும் உண்டியலில் கை வைத்தார்கள். விவசாயிக்குக் கொடுத்தது கொஞ்சமும் போதாமல் ஆக, அவர்கள் தோட்டத்தைக் கைவிட்டார்கள், கடத்தினார்கள். 1983 வறட்சியும் காட்டுத்தீயும் சேர, 1983-84இல் உற்பத்தி 1,60,000 டன்னுக்கும் கீழே.

பெட்ரோல் மாதிரி ஏன் முடியாது

முயன்று பார்க்காமல் இல்லை. 1980களின் கடைசியில் ஐவரி கோஸ்ட் அதிபர் ஹூபூவே-புவானி, விலை ஏறும்வரை கோகோவை விற்கமாட்டேன் என்று நிறுத்தினார். உலகத்தின் மிகப் பெரிய உற்பத்தியாளர் நிறுத்தினால் சந்தை நடுங்க வேண்டும் அல்லவா, நடுங்கவில்லை. மலேசியா, இந்தோனேசியா, பிரேசில் எல்லாரும் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், வாங்குபவர்களிடம் கையிருப்பும் இருந்தது. 1989இல் அவரே இறங்கிவந்தார், தோட்ட விலை கிலோவுக்கு 400 பிராங்கிலிருந்து 200 ஆகப் பாதியாகியது.

எண்ணெயைப் பூமிக்குள் விட்டுவைக்கலாம், கெடாது. கோகோ கொட்டையைக் கடலோர ஈரக்காற்றில் எத்தனை மாதம் வைப்பீர்கள்? பூசணம் பிடிக்கும். அதோடு, கடன்காரன் காத்திருப்பான், மூட்டை போட்ட விவசாயியும் காசுக்குக் காத்திருப்பார். நுக்ருமா காலத்தில் தேமா துறைமுகத்தில் கோகோ சேமிக்கவென்று பிரம்மாண்டமான குதிர்களைக் கட்டினார்கள், கட்டிய வேலைக்கு அவை பயன்படவே இல்லை.

2019இல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் கைகோத்து இன்னொரு வழி பார்த்தன. சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு 400 டாலர் கூடுதல், அது விவசாயி குடும்பம் நடத்தப் போதுமான வருமானத்துக்கு. 2020-21இல் அமலுக்கு வந்தது. வியாபாரிகள் என்ன செய்தார்கள்? அந்த 400ஐக் கொடுத்தார்கள், தரத்துக்காகத் தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்த உபரி விலையை வெட்டிக்கொண்டே போனார்கள். இடது கையில் கொடுத்து வலது கையில் வாங்குவது என்பது இதுதான்.

சரி, ஆலைக்கு வருவோம்

முதலில் ஒரு திருத்தம்: ஆலை இல்லை என்பதே தவறு. கொட்டையை வறுத்து அரைத்தால் கூழ் வரும், கூழைப் பிழிந்தால் கோகோ வெண்ணெயும் தூளும். இந்த அரைக்கும் வேலையில் நெதர்லாந்தோடு முதலிடத்துக்குப் போட்டி போடுவது ஐவரி கோஸ்ட். கானாவிலும் தேமாவில் ஆலைகள் இருக்கின்றன, கோல்டன் ட்ரீ என்று சொந்த சாக்லேட்டும் 1965லிருந்து இருக்கிறது. பிப்ரவரி 14ஐ தேசிய சாக்லேட் நாள் என்று வேறு கொண்டாடுகிறார்கள்.

ஆனால் கானா ஆலைகள் பெரும்பாலான வருடங்களில் பாதித் திறனில்தான் ஓடுகின்றன. ஏன் என்று பார்த்தால் எல்லாம் சாதாரணக் காரணங்கள். பெரிய பருவம் அக்டோபரிலிருந்து ஆறேழு மாதம். வருடம் முழுக்க ஆலை ஓடவேண்டும் என்றால் அந்தக் காலத்திலேயே கொட்டையை வாங்கி அடுக்க வேண்டும், அதற்குக் கடன் வேண்டும், கானா வங்கியில் தொழில் கடன் வட்டி 2024இல் நூற்றுக்கு 30 பக்கம் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் அரைப்பவருக்கு அதில் சொற்பம்தான். மின்சாரம், டீசல், இயந்திரத்தின் உதிரி பாகம் எல்லாம் கானாவில் விலை கூடுதல். பால் பவுடர் இறக்குமதி. சாக்லேட் 34 டிகிரியில் உருகும், கானா தலைநகர் அக்ராவில் வெயில் எப்படி என்று யூகித்துக்கொள்ளுங்கள். குளிர்ப் பெட்டியில் ஏற்றிக் கடல் தாண்டி அனுப்பும் செலவு கட்டியின் லாபத்தைத் தின்றுவிடும். ஐரோப்பாவிலோ உருகிய சாக்லேட்டைச் சூடான டேங்கர் லாரியில் ஊற்றி நேரே பிஸ்கட் ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொன்று, அரைக்கும் ஆலையில் ஆட்கள் அதிகம் வேண்டாம், எல்லாம் இயந்திரம். பெரிய ஆலையே சில நூறு பேருக்குத்தான் வேலை தரும். கானாவில் கோகோ விவசாயிகள் பல லட்சம் பேர்.

வரிதான் தடுக்கிறது என்ற கதை

மூலப்பொருளுக்கு வரி இல்லை, பதப்படுத்தினால் வரி, இன்னும் பதப்படுத்தினால் இன்னும் வரி. இதற்குப் படியேறும் வரி என்று பெயர். பணக்கார நாடுகள் இதைச் செய்தது உண்மை, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரிப் பட்டியலில் இன்றைக்கும் கோகோ கொட்டைக்குச் சுழியம், கூழுக்கு 9.6 விழுக்காடு. அதை எடுத்துப் போட்டு, இதோ சதி என்பார்கள். ஆனால் 2016லிருந்து கானாவும் ஐவரி கோஸ்ட்டும் ஐரோப்பாவோடு போட்ட இடைக்கால ஒப்பந்தப்படி அவற்றின் கூழ், வெண்ணெய், சாக்லேட் எதற்கும் அங்கே சுங்க வரி கிடையாது. நைஜீரியா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை, அதன் கோகோ வெண்ணெய்க்கு வரி உண்டு. ஆகவே வரியைப் பற்றிப் பேசும்போது எந்த நாடு, எந்தப் பொருள் என்று கேட்காமல் பேசுவதில் பயனில்லை.

அரிசி வாங்கும் கோகோ விவசாயி

ஏற்றுமதி ஒரு கை, இன்னொரு கையைப் பலர் பார்ப்பதே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் கோகோ விற்ற காசில் வாங்கும் அரிசியில் நிறைய வியட்நாம், தாய்லாந்து, இந்தியாவிலிருந்து வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது அங்கே கடைத்தெருவில் அதன் சூடு தெரிந்தது. சஹாராவுக்குத் தெற்கே தானிய விளைச்சல் ஹெக்டேருக்கு ஒன்றரை டன் பக்கம், உலகச் சராசரி நான்கு. உரமும் அப்படித்தான், மற்றவர்கள் போடுவதில் ஒரு சிறு பங்கு. என் கணக்கில் சாக்லேட் ஆலையைவிடப் பெரிய பணம் இங்கேதான் கிடக்கிறது: அதே நிலத்தில் இரண்டு மடங்கு சோளமும் அரிசியும் விளைந்தால், கோகோ விலை விழுந்த வருடமும் வீட்டில் அடுப்பு எரியும்.

பக்கத்து நாட்டோடு வியாபாரமும் குறைவு. ஆப்பிரிக்க நாடுகளின் வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது ஆறில் ஒரு பங்கு போலத்தான். 2021 ஜனவரியில் கண்டம் முழுவதற்குமான தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, அலுவலகம் அக்ராவில். காகிதத்தில் வரி குறைகிறது, ஆனால் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் போகும் லாரி ஐந்து நாடுகளில் எத்தனை சோதனைச் சாவடியில் நிற்கிறது என்பதைக் காகிதம் குறைக்கவில்லை.

முந்திரியில் கதை மாறுகிறது

மதிப்புக் கூட்டல் எங்கேயும் பலிக்காது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பயிரைப் பொறுத்தது. முந்திரிக்கு வருவோம், இதில் நமக்கும் பங்கு உண்டு. பண்ருட்டியிலும் கொல்லத்திலும் உடைக்கும் கொட்டையில் கணிசமானது தூத்துக்குடி, கொச்சி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இறங்கியது. உலகத்தில் முந்திரிக்கொட்டை அதிகம் விளைவது இன்றைக்கு ஐவரி கோஸ்ட்டில்.

நான்கைந்து கிலோ கொட்டை உடைத்தால் ஒரு கிலோ பருப்பு. அதாவது கப்பலில் வருவதில் முக்கால் பங்கு தூக்கிப் போடும் ஓடு. அங்கேயே உடைத்தால் கப்பல் கூலியிலேயே மிச்சம். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், வெயிலில் உருகாது. தோல் உரிக்கவும் தரம் பிரிக்கவும் கைகள் நிறைய வேண்டும், பெரும்பாலும் பெண்களுக்கு வேலை. கோகோவுக்கு எங்கெல்லாம் கால் தடுக்கியதோ அங்கெல்லாம் முந்திரிக்கு வழி திறந்திருக்கிறது.

ஐவரி கோஸ்ட் அரசு கொட்டை ஏற்றுமதிக்குத் தீர்வை போட்டு, உள்ளூரில் உடைப்பவர்களுக்கு மானியம் கொடுத்தது. பத்து வருடத்துக்கு முன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே உடைபடவில்லை, இப்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு இனி கொட்டையாகக் கப்பல் ஏறாது. சில பருவங்களில் உள்ளூர் ஆலைகள் வாங்கிய பிறகே மற்றவர்களுக்குக் கொட்டை என்றும் உத்தரவு போடுகிறார்கள். தூத்துக்குடியில் சரக்குக்குக் காத்திருக்கும் ஆலைக்காரர்கள் இப்போதெல்லாம் ஐவரி கோஸ்ட் அரசு என்ன அறிவிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.